கையில் இரண்டு ஒப்பந்தங்கள்: ஜெர்மனிக்கு அவுஸ்பில்டுங்கா, நேரடி வேலையா?

கடிதம் எழுதியவருக்கு 25 வயது. பெயர், ஊர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எலக்ட்ரிக்கலில் மூன்றாண்டு டிப்ளமா முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஜெர்மன் மொழியில் பி1, அதாவது நடுத்தர நிலைத் தேர்வில் தேறியிருக்கிறார். "பாஸ் பண்ணிவிட்டேன் சார், ஆனால் வீடியோ நேர்காணலில் அவர்கள் வேகமெடுத்தால் தலையை மட்டும்தான் ஆட்டுகிறேன்" என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஒரே முகவர் மூலம் இரண்டு ஒப்பந்தங்கள் வந்திருக்கின்றன. முதலாவது அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி: மெக்கட்ரானிக்ஸ் தொழிலில் மூன்றரை ஆண்டு, முதலாண்டில் மாதம் 1,050 யூரோ, செப்டம்பர் 1 தொடக்கம். கூடவே நிறுவனத்தின் பெயரில் ஒரு தனித் தாள்: பயிற்சியைப் பாதியில் விட்டால் பயிற்சிச் செலவாக 6,000 யூரோ கட்ட வேண்டும். இரண்டாவது நேரடி வேலை: வேறொரு நிறுவனத்தில் எலக்ட்ரீஷியன், மாதம் 2,700 யூரோ, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். எதில் போனாலும் முகவருக்கு நாலரை லட்சம் ரூபாய். வேலை விசா சீக்கிரம் வந்துவிடும், பயிற்சி என்றால் இழுக்கும் என்கிறார் முகவர். வீட்டுக் கடனின் மாதத் தவணை இவர் தலையில். நண்பர்களோ "டிப்ளமா முடித்து மூன்று வருஷம் வேலையும் பார்த்துவிட்டு மறுபடி அப்ரண்டிஸா?" என்று கேலி செய்கிறார்கள். செப்டம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆனால் பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டுமாம். எதில் கையெழுத்துப் போடுவது என்பது கேள்வி.

தம்பி,

நீங்கள் இணைத்திருந்த நகல்களை இரண்டு முறை படித்தேன். இன்றைய தேதியில் உங்கள் கையில் இருப்பது இரண்டு வாய்ப்புகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றரை என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த அரை எது என்றால், நீங்கள் பெரிதாக நம்பிக்கொண்டிருக்கும் 2,700 யூரோ வேலைதான்.

வேலை ஒப்பந்தம் இருக்கிறது, விசாவுக்கு வழி இருக்கிறதா?

நம் ஆட்களில் பலரும் செய்கிற தவறு இது. நிறுவனம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் விசா தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் வேலைக்கு வருபவருக்குப் பல கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பொருந்தக்கூடியவை மூன்று.

ஒன்று, அனுபவத்தை வைத்துப் போவது. சொந்த நாட்டில் அரசு அங்கீகாரம் பெற்ற, குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு. கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அனுபவம். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ஜெர்மனியில் தகுதியை அங்கீகரிக்க வைக்கும் வேலையும் இதில் இல்லை. ஆனால் சம்பள வரம்பு ஒன்று இருக்கிறது: 2026ஆம் ஆண்டுக்கு வருஷத்துக்கு 45,630 யூரோ. உங்கள் 2,700ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள், 32,400 வரும். பதிமூன்றாயிரத்துக்கு மேல் பள்ளம். நிறுவனம் கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்கு, அதாவது தொழிற்சங்கத்தோடு பேசி முடித்த சம்பள ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, அதன்படி சம்பளம் கொடுத்தால் இந்த வரம்பில் விலக்கு உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

இரண்டு, 18-ஏ பிரிவு. உங்கள் டிப்ளமா ஜெர்மன் தொழிற்கல்விக்கு இணையானது என்று அங்கே முறைப்படி அங்கீகாரம் வாங்கிய பிறகு, தகுதி பெற்ற பணியாளராகப் போவது. இதற்கு நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.

மூன்று, 2024 மார்ச்சில் வந்த புது வழி. அங்கீகாரக் கூட்டாண்மை என்று தமிழில் சொல்லலாம். ஜெர்மனில் அனெர்கெனுங்ஸ்பார்ட்னர்ஷாஃப்ட் என்று மூச்சு முட்டச் சொல்வார்கள். சங்கதி எளிமையானது. அங்கீகாரம் கையில் இல்லாமலே வேலைக்குப் போகலாம். போய்ச் சேர்ந்ததும் விண்ணப்பித்து, வேலை பார்த்துக்கொண்டே அங்கீகாரத்தை முடிக்க வேண்டும். விடுபட்ட பாடங்களையும் செய்முறையையும் முடிக்க நிறுவனம் துணை நிற்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். மொழிக்கு ஏ2 போதும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். முதலில் ஓராண்டு அனுமதி, அதிகபட்சம் மூன்றாண்டு வரை நீட்டிக்கலாம்.

இந்த மூன்றில் உங்கள் விசா எதன்கீழ் வரப்போகிறது என்று முகவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "வேலை விசா" என்று பொதுவாக ஒன்றும் கிடையாது தம்பி. பிரிவு எண் சொல்லத் தெரியாதவர் சீக்கிரம் வந்துவிடும் என்று சொன்னால், அது அவருடைய ஆசை, அவ்வளவுதான்.

இன்னொன்று என் கண்ணில் பட்டது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பதவி எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறது. மூன்றாம் பக்கம், வேலை விவரம் வரும் இடத்தில், ஹெல்ஃபர் என்று ஒரு சொல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது: "உற்பத்திப் பிரிவின் உதவியாளர் பணிகளும் அடங்கும்." ஜெர்மன் வேலைச் சந்தையில் ஹெல்ஃபர் என்றால் தொழிற்கல்வி தேவைப்படாத எடுபிடி வேலை. மேலே சொன்ன மூன்று கதவுகளும் தொழில் தகுதி வேண்டிய வேலைக்குத்தான் திறக்கும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வேலைவாய்ப்பு முகமை பதவியின் பெயரோடு நிற்காது. என்ன வேலை, அந்த வட்டாரத்தில் அதற்கு என்ன சம்பளம் என்றும் பார்க்கும். அந்த ஒரு சொல்லால் உங்கள் விண்ணப்பம் விழலாம். விழாமல் நீங்கள் போய்ச் சேர்ந்தால் இன்னும் மோசம்: வேலை முழுக்க பெட்டி அடுக்குவதாக இருந்தால், அங்கீகாரத்துக்குத் தேவையான அனுபவம் எங்கிருந்து வரும்?

அப்ரண்டிஸ் என்றால் அவ்வளவு இளப்பமா?

நண்பர்களின் கேலியை ஒதுக்கி வையுங்கள். நம் ஊரில் அப்ரண்டிஸ் என்றால் ஓராண்டு வேலை வாங்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்போடு அவுஸ்பில்டுங்கைப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். அது தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம். உங்களுடைய மெக்கட்ரானிக்ஸ் பயிற்சியென்றால் தொழில் வர்த்தக சபையில் பதிவாக வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள், அல்லது சில வாரங்கள் சேர்த்தாற்போல், தொழிற்பள்ளி. மற்ற நாட்கள் பட்டறை. பள்ளிக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. கருவிகளை நிறுவனம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். பயிற்சியின் நோக்கத்துக்கு உதவாத வேலைகளைத் தலையில் கட்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தினமும் காபி போடவும் கிடங்கு பெருக்கவும் விட்டால், சபையின் பயிற்சி ஆலோசகரிடம் நேரடியாகப் புகார் செய்யலாம்.

பயிற்சிக் குறிப்பேடு என்று ஒன்று உண்டு, பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட். என்ன செய்தீர்கள், என்ன கற்றீர்கள் என்று தொடர்ந்து எழுதி, பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "திங்கள்: கட்டுப்பாட்டுப் பெட்டியில் ரிலே மாற்றினேன். செவ்வாய்: சென்சார் கம்பி இணைப்பு, அளவீடு" என்று நாலு வரி. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இது இல்லாமல் இறுதித் தேர்வு எழுத விட மாட்டார்கள். வேலை நேரத்திலேயே எழுத அனுமதிக்க வேண்டும் என்பதும் விதி. இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. பயிற்சி தருகிறோம் என்று சொல்லிவிட்டு வெறும் வேலை வாங்கும் நிறுவனத்துக்கு எதிராக உங்களிடம் இருக்கும் சாட்சி அந்த நோட்டுதான். அதில் பொய் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள்.

வேலையிலிருந்து நீக்குவது பற்றி. தகுதிகாண் காலம் குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் நான்கு மாதம். அதற்குள் இரு தரப்பும் எந்த நேரமும் விலகலாம். அது தாண்டிவிட்டால், நிறுவனம் உங்களை நீக்க வலுவான காரணம் வேண்டும். ஆர்டர் குறைந்துவிட்டது என்பதெல்லாம் சாதாரணமாகச் செல்லாது. நேரடி வேலையில் நிலைமை வேறு. தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை போகலாம், அந்தக் காலத்தில் இரண்டு வார அறிவிப்பில் அனுப்பிவிடலாம். ஆக, செப்டம்பரில் இரண்டிலும் சேர்ந்திருந்தால், ஜனவரியில் பாதுகாப்பாக இருப்பவர் பயிற்சியாளர்தான். வேலைதான் பாதுகாப்பு என்று கடிதத்தில் நீங்கள் இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் தவறில்லாமல் பயிற்சி நின்றுபோனால், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. ஆனால் பயிற்சியோ வேலையோ, பாதியில் முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். பயந்துபோய் மறைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. பயிற்சி ஒப்பந்தம் தேர்வில் தேறியதோடு முடிந்துவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் வைத்துக்கொள்ளத்தான் விரும்பும், இத்தனை ஆண்டு செலவழித்திருக்கிறார்களே. ஆனால் விருப்பம் வேறு, கடமை வேறு. சான்றிதழ் மட்டும் உங்களுடையது. அது ஜெர்மனி முழுக்கச் செல்லும்.

மூன்றரை ஆண்டு என்பதும் கல்லில் செதுக்கியது இல்லை. ஏற்கெனவே படித்தவர், அனுபவம் உள்ளவர் என்றால், நீங்களும் நிறுவனமும் சேர்ந்து சபையில் விண்ணப்பித்துக் காலத்தைக் குறைக்கலாம். உங்கள் டிப்ளமாவும் மூன்றாண்டு அனுபவமும் இருக்கையில் இதைக் கேட்காமல் இருப்பது வீண். ஓராண்டு குறைந்தால்கூட லாபம். முகவர் இதை உங்களிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

அந்த 6,000 யூரோ தாள்

உங்களுக்குத் தூக்கம் கெட்டது இந்தத் தாளால்தான் என்று தெரிகிறது. தொழிற்பயிற்சிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதை நேரடியாகவே பேசுகிறது: பயிற்சிக்காகப் பயிற்சியாளர் இழப்பீடு தர வேண்டும் என்ற உடன்பாடு செல்லாது. ஒப்பந்த மீறலுக்கு அபராதம் என்ற உடன்பாடும் செல்லாது. நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது. ஆகவே நிறுவனம் அந்தத் தாளைக் காட்டிப் பணம் கேட்டால் சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். செல்லாத தாளாக இருந்தாலும் மிரட்டப் பயன்படும். புது நாட்டில், மொழி தடுமாறும் மூன்றாம் மாதத்தில், அந்த மிரட்டல் வேலை செய்யும். இன்னொரு எச்சரிக்கை: இதே தொகையை மொழி வகுப்புக் கட்டணம் என்று முகவர் தன் பெயரில் தனி ஒப்பந்தமாக எழுதி வாங்கினால், அது வேறு கணக்கு, 12ஆம் பிரிவு அங்கே நேரடியாகக் கை கொடுக்காது. தாளின் அடியில் யார் கையெழுத்து, நிறுவனமா முகவரா என்பதை முதலில் பாருங்கள்.

நேரடி வேலையில் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு கறாராக இல்லை. பணியாளரின் படிப்புச் செலவைத் திரும்பக் கேட்கும் நிபந்தனைகளை ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்கள் நியாயமான அளவில் அனுமதிக்கின்றன. எந்தக் காரணத்துக்காக விலகினாலும் முழுத் தொகையும் கட்டு என்று மொத்தமாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அடிபட்டுவிடும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இப்போதைக்கு அப்படி எதுவும் இல்லை.

பணக் கணக்கு

தவணை கட்ட வேண்டியவருக்கு இதுதான் முக்கியம், அதனால் பூசி மெழுகாமல் பேசுவோம். 1,050 யூரோவில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு முதலான பிடித்தங்கள் போக 820, 830 கைக்கு வரும். வருமான வரி இருக்காது. வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. தொகை சட்டக் குறைந்தபட்சத்தைவிட நன்றாகவே இருக்கிறது. 2026இல் தொடங்கும் பயிற்சிக்கு முதலாண்டுக் குறைந்தபட்சம் 724 யூரோதான். ஆண்டுக்கு ஆண்டு உயரவும் வேண்டும். ஆனால் நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பயிற்சியாளருக்குப் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். செலவுக்கு இந்தத் தொகை போதாது என்று தூதரகம் கருதினால், பற்றாக்குறையை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், போட்டுக் காட்டச் சொல்லும்.

2,700 யூரோவில் வரியும் பிடித்தங்களும் போனால், தனியாள் கைக்கு 1,850இலிருந்து 1,900 வரை வரும். மூன்றரை ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு வழிகளுக்கும் இடையே சுமார் 40,000 யூரோ வித்தியாசம். சின்னத் தொகை இல்லை. சான்றிதழின் மதிப்பு அதைவிடப் பெரியது என்று உங்களிடம் உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை; தவணையை நான் கட்டப் போவதில்லை.

பக்க வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் 20 மணி நேரம் பக்க வேலைக்குக் குடியிருப்புச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மை. ஆனால் வேலை நேரச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. எல்லா வேலையும் சேர்ந்து சராசரியாக வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பயிற்சியே 39 மணி நேரம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மீதி எவ்வளவு? ஒன்பது மணி. அதிலும் வெள்ளிக்கிழமை இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு, திங்கட்கிழமைத் தொழிற்பள்ளியில் ஜெர்மனில் மின்னியல் பாடம் கேட்க வேண்டும்.

நிரந்தரக் குடியிருப்பு: வேலைக்குப் போனால் முந்திவிடலாமா?

பயிற்சியில் மூன்றரை ஆண்டு வீண், வேலைக்குப் போனால் சீக்கிரம் நிரந்தரக் குடியிருப்பு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். எழுதிப் பார்ப்போம். ஜெர்மனியிலேயே தொழிற்பயிற்சி முடித்தவர், அதன்பின் தகுதி பெற்ற பணியாளராக இரண்டு ஆண்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆக மொத்தம் ஐந்தரை ஆண்டு. பயிற்சிக் காலம் குறைந்தால் நாலரை. வெளிநாட்டில் படித்து அங்கீகாரம் பெற்றவருக்கு மூன்று ஆண்டு. ஆனால் இந்த மூன்று, அங்கீகாரம் முடிந்து 18-ஏ அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். கூட்டாண்மையில் கழியும் காலம் அதில் சேராது. அதில் ஒன்றரை ஆண்டு போனால் உங்கள் கணக்கும் நாலரை; மூன்று ஆண்டும் போனால் ஆறு. ஆகவே இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மொழி

நேர்காணலில் தலையாட்டியதை நீங்கள் ஒளிக்காமல் எழுதியது நல்லது. பயிற்சியின் பெரிய அபாயம் அங்கேதான். தொழிற்பள்ளியில் பாடம் ஜெர்மனில், உடன் படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகள் பேசுவது வட்டாரப் பேச்சில், தேர்வு எழுத்தில். மோட்டார் ஏன் ஓடவில்லை என்று உங்களுக்குக் கேள்வியைப் பார்த்ததுமே தெரியும். அதை ஐந்து வாக்கியத்தில் எழுத வராது. இறுதித் தேர்வில் தவறினால் இரண்டு முறை திரும்ப எழுதலாம், பயிற்சிக் காலத்தையும் அடுத்த தேர்வு வரை நீட்டிக்கக் கேட்கலாம், அதிகபட்சம் ஓராண்டு. பாடத்தில் பின்தங்குபவர்களுக்கு வேலைவாய்ப்பு முகமை துணை வகுப்பும் ஏற்பாடு செய்கிறது. கேட்டு வாங்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டாம் ஆண்டு வரை கேட்காமலே இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த வழியில் போனாலும் இந்த ஐந்து மாதத்தில் பேச்சை பி2 பக்கம் கொண்டுவரப் பாருங்கள். தூதரக நேர்காணலில் "ஏற்கெனவே டிப்ளமா இருக்கும்போது எதற்கு மறுபடி பயிற்சி?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கும் தலையாட்ட முடியாது.

முகவர்

நாலரை லட்சம். இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், 1983இன் கீழ் பதிவு பெற்ற முகவர், வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். உங்கள் முகவர் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. பயிற்சியைப் படிப்பு என்று பெயர் மாற்றி, ஆலோசனைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று உடைத்து வாங்குவது இப்போது பரவலாக நடக்கிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள். தர மறுத்தால் புரிந்துகொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். நேர்காணல் முடிந்து, நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் இருக்கும்போது, இனி அவர் என்ன செய்யப் போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். விசா விண்ணப்பம் நீங்களே போடலாம். கட்டணம் 75 யூரோ. விதிகளுக்கு ஜெர்மன் அரசின் மேக் இட் இன் ஜெர்மனி தளம் போதும். அங்கே போன பிறகு வேலையிடத்துச் சிக்கல் வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்காகவே ஃபேரெ இன்டெக்ராட்ஸியோன் என்ற இலவச ஆலோசனை மையங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

பத்து நாளில் எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியதில்லை. முதல் வேலை, 2,700 யூரோ நிறுவனத்துக்கு, முகவர் வழியாக இல்லாமல் நேரடியாக ஒரு மின்னஞ்சல். மூன்றே கேள்விகள்: என் விசா எந்தப் பிரிவில்? அங்கீகாரக் கூட்டாண்மை உடன்பாட்டில் கையெழுத்திடத் தயாரா? மூன்றாம் பக்கத்தில் உள்ள உதவியாளர் பணி என்ற வரியை எடுத்துவிட்டு, பராமரிப்பு எலக்ட்ரீஷியனின் வேலைகளை விவரமாக எழுதித் தருவீர்களா? ஆள் உண்மையாகத் தேவைப்படும் நிறுவனம் இதற்குப் பதில் சொல்லும். விசாவுக்கு விரைவு நடைமுறை ஒன்று உண்டு, நிறுவனம் 411 யூரோ கட்டி வெளிநாட்டவர் அலுவலகத்தில் தொடங்கலாம். அதையும் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, அங்கீகாரத்துக்கான அடித்தளத்தை இங்கிருந்தே போடுங்கள். உங்களைப் போன்ற தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்களின் தகுதியை நியூரம்பெர்க்கில் உள்ள ஐஹெச்கே ஃபோசா என்ற மைய அலுவலகம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 100இலிருந்து 600 யூரோ வரை, ஆவணம் முழுதாகச் சேர்ந்த பிறகு சுமார் மூன்று மாதம். முழு அங்கீகாரம் கிடைத்தால் நேராக 18-ஏ. பாதி கிடைத்தாலும் எது குறைகிறது என்று எழுதித் தருவார்கள். கூட்டாண்மை வழியில் போவதானால், உங்கள் டிப்ளமா இங்கே அரசு அங்கீகாரம் பெற்றதுதான் என்று ஜெர்மனியின் மைய வெளிநாட்டுக் கல்வி அலுவலகமான ஸெட்ஏபி தரும் சான்றும் வேண்டும்.

அனுபவச் சான்றிதழில் கவனம். "மூன்றாண்டு பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்" என்று ஒரே வரியில் வாங்கிப் போனால் அங்கே அதற்கு மதிப்பில்லை. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பேனல் வயரிங், பிஎல்சி பழுது கண்டறிதல், மோட்டார் இன்சுலேஷன் சோதனை, கேபிள் மாற்றம் என்று எந்த வேலையை எத்தனை மாதம் செய்தீர்கள் என்பது வர வேண்டும். படிப்பில் இருக்கும் ஓட்டையை அனுபவத்தால் அடைக்க அவர்கள் சட்டம் இடம் கொடுக்கிறது. அடைப்பது இந்தத் தாள்தான்.

மூன்றாவது, பயிற்சி நிறுவனத்துக்கும் எழுதுங்கள்: 6,000 யூரோ தாளை நீக்கிவிட்டால் கையெழுத்திடத் தயார், காலக் குறைப்புக்குச் சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறேன் என்று. ஒப்புக்கொண்டால் பத்து நாளுக்குள் அதில் கையெழுத்துப் போடுங்கள். பயிற்சி தொடங்கும் முன் விலகிக்கொள்ள வழி உண்டு, அதனால் நீங்கள் பூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உங்களுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களை ஆகஸ்ட் கடைசியில் கைவிட்டுவிடாதீர்கள். ஜூன் முடிவை உங்களுக்கு நீங்களே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனுக்குள் வேலை நிறுவனம் மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் சம்மதம் சொன்னால், வேலைக்கே போங்கள். உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அதுதான் பொருத்தம், தவணையும் தடைபடாது. மழுப்பினாலோ, "முகவரிடம் கேளுங்கள்" என்றாலோ, பயிற்சிக்குப் போங்கள். கிளம்பும் முன் வங்கியில் பேசி முதல் ஓராண்டுத் தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ முடியுமா என்று பாருங்கள். பதில் வந்ததும் அந்த மின்னஞ்சல்களை எனக்கு அனுப்பி வையுங்கள். மூன்றாம் பக்கத்தை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.